டோரிஸ் டீச்சர் மாற்றிய ஆண்டு

ஈப்போவை அடுத்த லகாட்டிலிருந்து உள்ளே போகும் செம்மண் சாலையில் ஏழாங்கட்டைத் தோட்டம் இருந்தது. ஒரு பக்கம் ரப்பர் பால்மரக்காடு, மறுபக்கம் மரங்களைத் தாண்டி ஈயச்சுரங்கம், நடுவில் தொழிலாளர்களின் லயங்கள். அந்தத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்த டிரெசர் கஸ்பாருக்கு ஒரே மகள் டோரிஸ். தாய் அவளுடைய சிறு வயதிலேயே காய்ச்சலில் போய்விட்டாள். கஸ்பார் வேலைக்குப் போகும் நேரமெல்லாம் பிள்ளை பின்லயத்து ராக்காயியின் வீட்டில்தான் கிடக்கும். ராக்காயி அப்போது கல்யாணமாகி வந்த புதுப்பெண். பால்மரம் வெட்டிவிட்டு வந்து, தனக்கு வடித்த சோற்றில் அதற்கும் ஒரு பங்கு வைப்பாள். அவள் கணவர் உடையப்பன் பின்னாளில் மண்டோர் ஆகி, வெட்டு மரங்களை மேற்பார்வை பார்த்தார். அவர்களுக்குப் பிள்ளை இல்லை.

டோரிஸ் ஈப்போ கான்வென்டில் படித்தாள். பிறகு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்குப் போனாள். 1975-இல் கல்லூரியில் புவியியல் பாடத்துக்கு ஓர் ஊராய்வு எழுதச் சொன்னார்கள். மற்றவர்கள் நூலகத்துப் புத்தகங்களைப் பார்த்து எழுத, இவள் விடுமுறை முழுவதும் தோட்டத்துக் கிணறுகளைச் சுற்றி வந்தாள். கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கித் தண்ணீர் மட்டம் பார்த்தாள். ராக்காயி கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். லயத்துக்கும் சுரங்கத்துக்கும் இடையே எவ்வளவு மரக்காடு இருக்கிறது என்று உடையப்பன் கூடவே நடந்து காட்டினார். கோடையிலும் கிணறுகள் வற்றவில்லை, தண்ணீர் தெளிவாக இருக்கிறது, சுரங்கம் எட்டத்தில் இருப்பதால் லயங்களுக்கு ஆபத்தில்லை என்று டோரிஸ் ஆங்கிலத்தில் எழுதி, வரைபடமும் போட்டுக் கொடுத்தாள். எழுதியதெல்லாம் உண்மை. கல்லூரியில் அந்த ஆண்டின் சிறந்த ஆய்வு அதுதான்.

ஏழு ஆண்டுகள் போயின. டோரிஸ் ஈப்போவில் ஒரு தமிழ்ப்பள்ளியில் டீச்சர். கணவன் டொமினிக் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தான். ஒரு பெண் குழந்தை. ஓய்வு பெற்ற கஸ்பார் பக்கவாதத்தில் விழுந்து, அவர்கள் வீட்டு முன்னறையில் படுத்த படுக்கையாக இருந்தார். இதற்கு நடுவில் டோரிஸ், வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் பட்டப்படிப்பு ஒன்றில் சேர்ந்திருந்தாள். கடைசி ஆண்டு. மறுபடியும் ஓர் ஊராய்வு கேட்டார்கள், இந்த முறை மலாய் மொழியில். வேறு எந்தப் படிப்புக்கும் கொடுக்காத, இந்த ஆண்டு நேரில் போய்ச் செய்த ஆய்வாக இருக்க வேண்டும் என்று விதி சொன்னது.

அவளுக்கு நேரில் போக நாள் கிடைக்கவில்லை. பள்ளி முடிந்து வந்தால் அப்பாவைத் துடைத்து உடுத்தி ஊட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போவதே பெரும்பாடு. கெடு நெருங்கியபோது அலமாரிக்கு மேலிருந்த பெட்டியை இறக்கிப் பழைய ஆய்வை எடுத்தாள்.

அதே படிப்பில் இருந்த ஜெயபாலன் அவளோடு அதே பள்ளியில் வேலை பார்த்தார். ஓய்வு நேரத்தில் டோரிஸ் அவரிடம் மெதுவாகக் கேட்டாள்.

"சார், நாம எழுதினதையே திருப்பிக் குடுத்தா தப்பா?"

"அடுத்தவன் எழுதினத குடுத்தாதான் திருட்டு லா டீச்சர். உங்க வீட்டுச் சாமான நீங்க ரெண்டாந்தடவ எடுத்து வச்சா யாரு கேக்கப் போறா?"

"போயி பாக்காம எழுதுறதுதான் ஒரு மாதிரியா இருக்கு."

"என்னத்த போயி பாக்கப் போறீங்க? கிணறு எங்க போயிடப் போவுது?" என்று சிரித்தார் ஜெயபாலன்.

அவளும் சிரித்தாள். மலாய்க்கு மாற்றுவது லேசான வேலையாக இருக்கவில்லை. அகராதியை வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் போராடினாள். விரல் வலிக்க எழுதியபோது, இதுவும் உழைப்புதானே என்ற எண்ணம் வந்தது. அந்த எண்ணம் அவளுக்கு வேண்டியிருந்தது. கடைசியில் முதல் பக்கத்துக்கு வந்தாள். 1975 என்று இருந்த இடத்தில் 1982 என்று எழுதினாள். ஒரே ஓர் எண்தான். அதை எழுதும்போது மட்டும் கதவுப் பக்கம் யாரோ நிற்பதுபோல் திரும்பிப் பார்த்தாள். முன்னறையில் அப்பாவின் மூச்சுச் சத்தம் தவிர ஒன்றும் இல்லை.

ஆய்வைக் கொடுத்து இரண்டு மாதம் இருக்கும். விரிவுரையாளர் டாக்டர் ஹம்சா, சனிக்கிழமை ஈப்போ படிப்பு மையத்துக்கு வந்து தம்மைப் பார்க்கும்படி சொல்லி அனுப்பினார். கண்டுபிடித்துவிட்டார் என்றே டோரிஸ் நினைத்தாள். என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று பஸ் முழுக்க மலாயில் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனாள்.

டாக்டர் ஹம்சா எழுந்து நின்று வரவேற்றார்.

"டீச்சர் டோரிஸ், இத்தனை ஆண்டுகளில் இப்படி ஓர் ஆய்வு என் கைக்கு வந்ததில்லை" என்றார் மலாயில். "ஒவ்வொரு கிணற்றையும் அளந்திருக்கிறீர்கள்."

அவள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். அவர் தொடர்ந்தார். அந்தச் சுரங்கக்காரர்கள் லயத்துப் பக்கம் தோண்டுவதற்கு நிலம் கேட்டு மனுப் போட்டிருந்தார்கள். லயத்து மக்கள் எதிர்த்தார்கள். கிணறு வற்றுகிறது, தரை இறங்குகிறது என்று புகார் கொடுத்திருந்தார்கள். விசாரிக்கும் குழுவில் ஆலோசகராக அவரையும் போட்டிருந்தார்கள்.

"மக்கள் சொல்வதற்கு ஆதாரம் வேண்டும் அல்லவா? இந்த ஆண்டு அங்கே அளந்த கணக்கு வேறு யாரிடமும் இல்லை. உங்களுடையது மட்டும்தான். பிரதி எடுத்துக் குழுவுக்குக் கொடுத்துவிட்டேன். நீங்கள் கோபித்துக்கொள்ள மாட்டீர்களே?"

பஸ்ஸில் சொல்லிப் பார்த்த வார்த்தைகள் எல்லாம் நாக்கின் கீழேயே இருந்தன. டோரிஸ் "நன்றி, டாக்டர்" என்றாள். வெளியே வந்த பிறகுதான் தான் நன்றி சொன்னது அவளுக்கு உறைத்தது.

மறுநாள் பூசை முடிந்ததும் டொமினிக்கிடம்கூட சொல்லாமல் லகாட் பஸ்ஸில் ஏறினாள். செம்மண் சாலையில் நடக்கத் தொடங்கியபோதே எங்கேயோ ஒரு மாற்றம் இருப்பதாகத் தோன்றியது. வெளிச்சம் அதிகமாக இருந்தது. நிழல் தந்த பால்மரங்களைக் காணவில்லை. உடையப்பன் நடந்து காட்டிய மரக்காடு முழுவதும் வெட்டப்பட்டு, அங்கே சுரங்கத்து வெள்ளை மணல்மேடு எழும்பியிருந்தது. சின்ன வயதில் காற்றடிக்கும் திசை மாறினால்தான் கேட்கும் சுரங்கத்துப் பம்பு, இப்போது காலுக்கடியில் உறுமியது. முன்லயத்துக் கிணற்றை எட்டிப் பார்த்தாள். அரிசி கழுவிய தண்ணீர்போல வெளுத்த நீர், எங்கேயோ அடியில் கிடந்தது. கிணற்றடியில் எப்போதும் துவைத்துக்கொண்டிருக்கும் பெண்கள் யாரும் இல்லை.

ராக்காயி வீட்டு வாசல் கதவு நிலையை விட்டு விலகி, மூட முடியாமல் நின்றது. உள்ளே சிமெண்டுத் தரையில் அடுப்படியிலிருந்து வாசல் வரை ஒரு வெடிப்பு ஓடியது. அதன்மேல் கோணிச் சாக்கை விரித்திருந்தார்கள்.

"வா டோரிஸு, வா!" ராக்காயி ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். உடனே முகம் வாடியது. "ஏன் புள்ள, கிணறெல்லாம் வந்து அளந்தியாமே? இவ்ளோ தூரம் வந்துட்டு, எங்க வீட்டுக்கு வராம போயிட்டியே. நான் என்னா பாவம் செஞ்சேன்?"

டோரிஸ் தரையிலிருந்த கோணிச் சாக்கைப் பார்த்தாள்.

"அவசரமா வந்தேன்க்கா" என்றாள்.

"தோட்டத்து ஆபிஸ் கிராணிதான் சொன்னாரு, டிரெசர் மக எழுதிக் குடுத்திருக்கு, தண்ணி நல்லா இருக்கு, லயத்துக்கு ஒண்ணும் ஆவாதுன்னு. எனக்கு இந்த வெடிப்ப பாத்தா பயமாத்தான் இருக்கு. எந்தம்பி வேற சுங்காய்க்கு வந்துடுங்கன்னு ஆள் மேல ஆள் அனுப்புறான். நான்தான் சொன்னேன், நம்ம டோரிஸு படிச்ச புள்ள, அளந்து பாத்து எழுதியிருக்கு, நமக்குத் தெரியாதது அதுக்குத் தெரியும்னு."

உடையப்பன் சுவரோரம் உட்கார்ந்து சுருட்டைப் பற்றவைக்காமல் கையிலேயே வைத்திருந்தார். டோரிஸ் கிளம்பியபோது, "பஸ்ஸுக்கு விட்டுட்டு வாரேன்" என்று கூடவே நடந்தார். லயம் கண்ணிலிருந்து மறைந்த பிறகு நின்றார்.

"நீ வரலதானே?"

டோரிஸ் தலை குனிந்தாள்.

"நான் தெனமும் அந்தப் பக்கம்தான் நிக்கிறேன். ஒரு ஈ காக்கா வந்தாலும் எனக்குத் தெரியும்."

"பழசத்தான் அண்ணே திருப்பி எழுதினேன். அப்ப இருந்த மாதிரியே இருக்கும்னு நெனச்சேன்."

அவர் சுரங்கத்தின் பக்கம் பார்த்துக்கொண்டே இருந்தார். "நெலம் பாக்குற தானா ஆபிஸ்ல நாங்க சொல்றத யாரும் கேக்கல. ஒங் காயிதத்த காட்டுறாங்க. போயி சொல்லிடு தங்கச்சி. சீக்கிரமா சொல்லிடு. ராக்காயிகிட்ட நான் சொல்ல மாட்டேன். அவளுக்கு மனசு விட்டுப்போயிடும்."

"சொல்லிடுறேன் அண்ணே" என்றாள். சொல்லிவிடத்தான் நினைத்தாள்.

வீட்டில் டொமினிக் எல்லாவற்றையும் கேட்டு முடித்தான். பிறகு, "ரிசல்ட் எப்ப?" என்றான்.

"அடுத்த மாசம்."

"அப்ப ஒரு மாசம் பொறு. இப்ப சொன்னா மூணு வருசப் படிப்பும் போச்சு. டிகிரி கைக்கு வந்ததும் சொல்லிக்கலாம். ஒரு மாசத்துல என்னா ஆயிடப் போவுது?"

அது மோசமான யோசனை என்று டோரிஸுக்குத் தெரிந்தது. ஆனாலும் அதைப் பற்றிக்கொண்டாள். அந்த மாதம் மழை விடாமல் பெய்தது. பள்ளியில் கரும்பலகையில் எழுதும்போது, காலுக்கடியில் அந்தப் பம்பு உறுமுவதுபோல இருக்கும். எழுதுவதை நிறுத்திக் கேட்பாள். பிள்ளைகள் அவளையே பார்த்துக்கொண்டிருக்கும். குழந்தை ஓடிவந்து மடியில் விழுந்தால்கூடத் திடுக்கிட்டாள். இரண்டு முறை படிப்பு மையத்தின் வாசல் வரை போய்த் திரும்பினாள்.

முடிவு வந்தது. நல்ல தேர்ச்சி. அதே வாரம் தமிழ்ப் பத்திரிகையில் ஒரு மூலையில் செய்தி வந்தது: சுரங்கத்துக்கு நிலம் கொடுக்கக் குழு இணங்கிவிட்டது. அன்றே டோரிஸ் டாக்டர் ஹம்சாவிடம் போனாள். உட்காராமல் நின்றபடியே சொல்லி முடித்தாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"இரண்டையும் நீங்களே எழுதினீர்களா?"

"நானேதான்."

"உங்கள் எழுத்தையே மறுபடி கொடுத்தீர்கள் என்பது மட்டும் என்றால், இந்தப் பாடத்தை ரத்து செய்து அடுத்த ஆண்டு புதிதாக எழுதச் சொல்லியிருப்பேன். அது உங்களுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் உள்ள விவகாரம்." அவர் முதல் பக்கத்தைத் திறந்து ஆண்டின்மேல் விரல் வைத்தார். "ஆனால் இது அங்கே குடியிருக்கிறவர்களின் விவகாரம். இதற்குக் கீழே நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்."

அவர் குரலில் கோபத்தைவிடப் பயம்தான் கூடுதலாக இருந்தது. நடந்ததை அவளையே எழுதிக் கொடுக்கச் சொன்னார். தாமும் ஒரு கடிதம் இணைத்து நில அலுவலகத்துக்கு அனுப்பினார். சீனப் பெருநாள் கழிந்ததும் புதிய ஆய்வு நடத்தப்படும் என்று பதில் வந்தது. அதுவரை சுரங்கத்தை நிறுத்தி வைப்பதாக யாரும் சொல்லவில்லை. புதிய குத்தகை நிலத்தில் வேலை தொடங்கியிருந்தது.

பொங்கல் கழிந்த வாரத்தில் ஒரு புதன்கிழமை. பட்டப்பகல், மழை விட்டு நல்ல வெயில். பின்லயத்தில் பெரும்பாலோர் வேலையிலிருந்து திரும்பவில்லை. ராக்காயி சாமான் வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். முதலில் நாய்கள் கூட்டமாகக் குரைத்துக்கொண்டு சாலைப் பக்கம் ஓடினவாம். பின்லயத்துக் கொல்லையில் தரை மெல்ல உள்வாங்கியது. வெட்டு முடிந்து அப்போதுதான் வந்த உடையப்பன், கொட்டகையில் கட்டியிருந்த மாட்டை அவிழ்க்க ஓடினார். கயிற்றை அவிழ்ப்பதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். மாடு தப்பி வந்துவிட்டது. கொட்டகையும், கிணறும், லயத்தின் கடைசி வீடுகளும் ஒரு பெருமூச்சுச் சத்தத்தோடு இறங்கின. சற்று நேரத்தில் அந்தப் பள்ளத்தில் வெள்ளைத் தண்ணீர் ஏறியது. உடையப்பனின் உடல் மூன்று நாள் கழித்துத்தான் கிடைத்தது.

செய்தி பள்ளிக்கு வந்தபோது டோரிஸ் ஆசிரியர் அறையில் இருந்தாள். உடையப்பன் என்ற பெயரைக் கேட்டதும், தான் அங்கே போகவில்லை என்று தோட்டத்தில் அறிந்திருந்த ஒரே மனிதர் போய்விட்டார் என்ற எண்ணம் அவளுக்குள் முதலில் வந்தது. துக்கம் அதற்குப் பிறகுதான் வந்தது. அந்த ஒரு கணத்தை அவளால் தன்னிடமே மறைக்க முடியவில்லை. ஜெயபாலன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவர் கண்கள் அவளைப் பார்க்கவில்லை.

வீடிழந்தவர்களைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் தங்க வைத்திருந்தார்கள். அடக்கம் முடிந்த மறுநாள் டோரிஸ் போனாள். ராக்காயி ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். டோரிஸ் அவள் காலடியில் தரையில் உட்கார்ந்தாள்.

"அக்கா, நான் கிணறு அளக்க வரல."

ராக்காயிக்கு விளங்கவில்லை. "என்னா சொல்ற?"

"நீங்க கயிறு புடிச்சீங்களே, அப்ப எழுதினதுதான். அதத்தான் வருசத்த மாத்திக் குடுத்தேன். குடுக்குறப்ப தரை எறங்கினது எனக்குத் தெரியாது. நான் பாக்கவே இல்ல."

ராக்காயி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் யாருடைய குழந்தையோ அழுதது.

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியும். சீக்கிரமா போயி சொல்லுன்னாரு. நான்தான் நாள் கடத்திட்டேன்."

"அதான்..." ராக்காயி மூச்சை இழுத்துவிட்டாள். "அடுத்த மாசம் சுங்காய்க்கு போயிடலாம், போயிடலாம்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. ஏன்னு கேட்டா சொல்லல. நான்தான் வேணாம்னேன். கதவு மூடல, தரை வெடிக்குது, எல்லாத்தயும் என் கண்ணாலதான் பாத்தேன். பாத்துட்டு, நம்ம கண்ணுதான் தப்பு, டோரிஸு எழுதினதுதான் சரின்னு இருந்துட்டேனே."

டோரிஸ் அவள் கையைப் பிடிக்கப் போனாள். ராக்காயி கையை இழுத்துக்கொள்ளவில்லை. மெதுவாக எழுந்து, அழுகிற குழந்தையைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். அன்று மாலை வரை டோரிஸ் அங்கேயே இருந்தாள். ராக்காயி வெளியே வரவில்லை. அந்த மாதமே தம்பியோடு சுங்காய்க்குப் போய்விட்டாள். டோரிஸ் இரண்டு முறை தேடிப் போனபோதும் தம்பி வாசலிலேயே நிறுத்தி, "அக்கா தூங்குது" என்று திருப்பி அனுப்பிவிட்டான். இரண்டு முறையும் பகல்தான்.

விசாரணை நடந்தது. அடியில் சுண்ணாம்புப் பாறை, பாறைக்குள் குகை, அதற்குமேல் கடும் மழை என்று அறிக்கை சொன்னது. டோரிஸின் ஆய்வைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. சரியான ஆய்வு ஒன்று இருந்திருந்தால் நிலம் கொடுத்திருப்பார்களா, மாட்டார்களா என்று யாரும் கேட்கவில்லை. பல்கலைக்கழகம் அந்தப் பாடத்தை ரத்து செய்து, அடுத்த ஆண்டு மறுபடி எழுதலாம் என்றது. டோரிஸ் எழுதவில்லை. ஜெயபாலன் பட்டம் வாங்கிக் காம்பாரில் தலைமையாசிரியரானார். எங்கேயாவது பார்த்தால், "நீங்க வாய தொறக்காம இருந்திருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது டீச்சர்" என்பார், ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு. கஸ்பார் இறந்தார். மகள் பள்ளிக்குப் போகத் தொடங்கினாள்.

ஈய விலை விழுந்து சுரங்கமும் மூடப்பட்டது. தோட்டத்தையும் துண்டு போட்டு விற்றார்கள். 1987-இல் ஒரு நாள் மத்தியானம், வீடமைப்பு நிறுவனம் ஒன்றின் சர்வேயர் டோரிஸின் வீட்டுக்கு வந்தான். இளைஞன், மரியாதையானவன். ஏழாங்கட்டை நிலத்தில் வீடு கட்டப்போவதாகச் சொன்னான்.

"நில அலுவலகத்துக் கோப்பில் உங்கள் ஆய்வு இருக்கிறது. மேற்குப் பக்கத்துக்கு அது ஒன்றுதான் ஆதாரம். வரைபடம் சரியாகத் தெரியவில்லை. நல்ல பிரதி இருந்தால் கொடுங்கள்" என்றான்.

"அதோடு இரண்டு கடிதங்கள் இருக்குமே?"

"கடிதம் ஒன்றும் இல்லையே."

டோரிஸ் அவனை உட்கார வைத்து ஆதியோடந்தமாகச் சொன்னாள். உடையப்பனின் பெயரையும் சொன்னாள். அவன் கோப்பியை ஆற விட்டுக் கேட்டான். குறிப்பெடுக்கவில்லை. "பார்க்கிறேன் மேடம்" என்று எழுந்து போனான்.

சாயங்காலம் வந்த டொமினிக், "கேட்டுக்கிட்டானா?" என்றான்.

"தலய ஆட்டினான்."

மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு நில அலுவலகத்துக்குப் போனாள். எல்லாவற்றையும் புதிதாக எழுதிக் கொடுத்தாள். அடுத்த வாரமும் போய், அது கோப்பில் சேர்ந்துவிட்டதா என்று கேட்டாள். அலுவலகக் கிராணி உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து, "சேர்த்தாச்சு" என்றார். அவள் காட்டச் சொன்னாள். அவர் முகம் சுளித்தார். இருந்தாலும் காட்டினார்.

ஆனாலும் சாலையோரம் பலகை எழுந்துவிட்டது. சிரிக்கும் குடும்பமும் சிவப்புக் கூரை வீடும் வரைந்த பெரிய பலகை. வேலை மட்டும் அந்த ஆண்டும் தொடங்கவில்லை, அடுத்த ஆண்டும் தொடங்கவில்லை. அவள் எழுதிக் கொடுத்ததுதான் காரணமா, நிறுவனத்துக்கு வேறு தொல்லையா என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. லகாட் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறினால் டோரிஸ் ஜன்னலோரம் உட்கார்ந்துகொள்வாள். பலகையின் கீழே லாரி ஏதும் வந்து நிற்கிறதா என்று பார்ப்பாள். இல்லையென்றால் முன்பக்கம் திரும்பிக்கொள்வாள்.